டெல்லி திரிலோக்புரி சந்தில் ஒரு கார் ஹீட்டர் கடை: பழைய மாருதி ஈக்கோ வேன் வைத்திருப்பவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடையில் உட்கார இடம் கிடையாது, பில் கிடையாது, சொன்ன நேரத்துக்கு வண்டியும் கிடைக்காது. அடுத்த குளிரில் ஹீட்டர் மக்கர் செய்தாலும் நான் அங்கேதான் போவேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ப்ளோயர் (காற்றை ஊதும் விசிறி) கோளாறு ஒன்று, ஹீட்டர் கோளாறு ஒன்று, இரண்டும் என் வண்டியில் சேர்ந்து வந்தன. போன இடத்திலெல்லாம் இரண்டையும் ஒரே வியாதியாக நினைத்து மருந்து எழுதினார்கள். இந்தக் கடைத் தம்பி ஒருவர்தான் பிரித்துப் பார்த்தார்.

நான் மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். வண்டி மாருதி ஈக்கோ, 2012 மாடல், பெட்ரோல், ஏசியும் ஹீட்டரும் உள்ள ஐந்து சீட் வண்டி. பின் சீட்டை மடக்கிவிட்டு மாவு டிரேக்களை அடுக்கிக்கொண்டு நானே ஓட்டுவேன். விடியற்காலையில் பட்பர்கஞ்ச் கடைகளை முடித்து, நிஜாமுதீன் பாலம் தாண்டி, ஆர்.கே.புரம் மலை மந்திர் பக்கம் போய்ச் சேர வேண்டும். டிசம்பர் கடைசியில் அந்த நேரத்தில் யமுனைமேல் பாலத்தில் போனவர்களுக்குத் தெரியும், முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் சாலை. வெளியே மூடுபனி இருந்தால் மெதுவாகப் போகலாம். கண்ணாடியின் உள்பக்கமும் மூடிக்கொண்டால் என்ன செய்வது? கழுவி ஈரத்தோடு ஏற்றின டிரேக்கள், நான், உதவிக்கு வரும் பெண், எல்லாம் சேர்ந்து விடுகிற ஈரத்தில் என் வண்டிக் கண்ணாடி மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் வேர்க்கும். குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது, எனக்கு ஹீட்டர் வேண்டியது கண்ணாடிக்காக. (டெல்லிக் குளிரில் மாவைப் பொங்க வைப்பது தனிக் கதை. ராத்திரி ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைப் போர்த்தினால்தான் அது அசையும்.)

கோளாறு இப்படி: ப்ளோயர் சுவிட்சைக் கடைசி ஸ்பீடில் வைத்தால் மட்டும் காற்று வரும். மற்ற எந்த ஸ்பீடிலும் மூச்சே இல்லை. ஓடும்போதும் காலையில் முதல் சில நிமிஷம் கீச்சென்று ஒரு சத்தம், கூடவே டாஷ்போர்டு முழுக்க ஒரு நடுக்கம். சரி, கடைசி ஸ்பீடிலேயே போகலாம் என்றால் வருகிற காற்று வெளியில் இருக்கிற அதே குளிர். குமிழைச் சிவப்பு முனை வரை திருகினாலும் அப்படித்தான்.

முதலில் போனது ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். கோட்டுப் போட்ட பையன் டேப்லெட்டில் ஏதோ தட்டிவிட்டு, டாஷ்போர்டை முழுக்க இறக்கி ப்ளோயர், ஹீட்டர் எல்லாம் சேர்ந்த பெட்டியையே மாற்ற வேண்டும், பதினைந்தாயிரத்துக்கு மேல் ஆகும் என்றான். பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. டெல்லியில் பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம், டீசலுக்கு 10 வருஷம்தான் ஆயுள் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்திருந்தது (2025-ல் அதே கோர்ட் அதைத் தளர்த்தியது). 2012 வண்டிக்கு எவ்வளவு செலவு பண்ணலாம் என்று கணக்குப் போடாமல் இங்கே யாரும் ஸ்பேனரைத் தொட விடுவதில்லை. நானும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்து ஒரு ரோட்டோர எலக்ட்ரீஷியன். அவருடைய வைத்தியம் நேரடி வயர். ப்ளோயர் வேகத்தைக் குறைப்பதற்காகக் கரண்ட்டைத் தடுக்கிற ரெசிஸ்டரை ஓரங்கட்டிவிட்டு மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுத்துவிடுவார், ஃபியூஸும் கொஞ்சம் பெரிசாகப் போட்டுவிடுவார், "டென்ஷன் இல்லை மேடம்." எனக்குத்தான் டென்ஷன். ஃபியூஸ் என்பது வயர் எரிவதற்கு முன்னால் தான் எரிய வேண்டிய ஒன்று. அதைப் பெரிசாக்கினால் ஃபியூஸ் நிற்கும், வயர் எரியும்.

மைத்துனர் மகன் ஒரு யோசனை சொன்னான். சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற குட்டி ஹீட்டர், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதாம். வாங்க நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பாருங்கள். அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கும் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். 12 வோல்ட்டால் பெருக்கினால் 120 முதல் 180 வாட். வீட்டில் நாம் போடும் ரூம் ஹீட்டர் 1000, 2000 வாட். 150 வாட்டை வைத்துக்கொண்டு ஒரு வேனின் முன் கண்ணாடியைச் சூடாக்க முடியாது, கையைக் காய்ச்சிக்கொள்ளலாம். வண்டியின் சொந்த ஹீட்டர் இன்ஜின் எப்படியும் வெளியே தள்ளுகிற சூட்டைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதற்குத் தனியாகக் காசு இல்லை.

பட்பர்கஞ்ச் கடைக்காரர் ஒருவர் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன். மயூர் விஹாரிலிருந்து திரிலோக்புரிக்குள் நுழைகிற சந்துகளில் ஒன்று. பெயர்ப் பலகை என்று எதுவும் இல்லை. ஷட்டரில் இந்தியில் "கார் ஏசி, ஹீட்டர்" என்று பெயின்டில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். நடத்துகிறவர் ஜங்புரா பக்கம் வளர்ந்த தமிழ்ப் பையன், தாத்தா காலத்தில் விழுப்புரத்திலிருந்து வந்த குடும்பம். இந்தியில் யோசித்துத் தமிழில் பேசுவார். நான் போனதும் என் பின்னால் யாராவது ஆண் வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கவில்லை. அதற்கே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். "என்ன பிராப்ளம்"னு கேட்டு, நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அக்கா, காத்து வராதது வேற கேஸ், சூடு வராதது வேற கேஸ். ஒண்ணொண்ணா பாப்போம்" என்றார்.

முதலில் காற்று. கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது என்றவுடனேயே பாதி விஷயம் முடிந்துவிட்டது என்றார். குறைந்த ஸ்பீடுகளுக்குப் போகிற கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகும், கடைசி ஸ்பீடுக்கு மட்டும் அது வேண்டாம், நேராகப் போகும். அதனால் ரெசிஸ்டர் போனால் கடைசி ஸ்பீடு மட்டும் மிஞ்சும். எந்த ஸ்பீடிலுமே ஓடவில்லை என்றால்தான் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், மோட்டார் என்று தேட வேண்டும். இடது பக்கம் கிளவ் பாக்ஸுக்குக் கீழே தலையை நுழைத்து, இரண்டு ஸ்குரூ கழற்றி அதை வெளியே எடுத்தார். தீப்பெட்டி அளவில் ஒரு தகடு, அதில் சுருள் சுருளாகக் கம்பி. அது செருகியிருந்த பிளக்கின் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பேறி உருகி இருந்தது.

மற்ற கடையாக இருந்தால் இங்கேயே புது ரெசிஸ்டர் போட்டு அனுப்பியிருப்பார்கள், அது அடுத்த குளிருக்குள் மறுபடி எரிந்திருக்கும். இவர் மாற்றவில்லை. "இது ஏன் எரிஞ்சுதுன்னு பாக்காம புதுசு போட்டா, நாளைக்கு நீங்கதான் திட்டுவீங்க." மோட்டாருக்குப் போகிற வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, மோட்டார் இழுக்கிற கரண்ட்டைக் காட்டினார். அதிகம். அப்புறம் மோட்டாரையே இறக்கினார். உள்ளே காற்றாடி இதழ்களுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் அடைபோலத் திணித்துக்கொண்டு ஏதோ இருந்தது. குச்சியால் நிமிண்டினால் நூல் நூலாக வருகிறது. முள்ளிலவுப் பஞ்சு! ஏப்ரல், மே மாதங்களில் டெல்லி முழுக்கப் பறக்குமே, செமல் என்பார்கள், அதேதான். வெளிக்காற்று வழி திறந்திருக்கும்போது உள்ளே போய், அதன்மேல் நம்ம ஊர்த் தூசி படிந்து இறுகிவிட்டது. என் மாடலில் கேபின் ஃபில்டர் கிடையாது, வருவதெல்லாம் நேராகக் காற்றாடிக்குத்தான். ஒரு பக்கம் பாரம் ஏறியதால் நடுக்கம். மோட்டார் தண்டைத் தாங்குகிற புஷ் காய்ந்துபோனதால் கீச்சு. தடவித் தடவிச் சுற்றுகிற மோட்டார் கரண்ட்டை அதிகம் இழுத்திருக்கிறது. அதோடு ரெசிஸ்டர் ப்ளோயர் காற்றிலேயே ஆறுகிற மாதிரிதான் வைத்திருக்கிறார்கள், காற்று குறைந்ததும் அது ஆறவும் வழியில்லை. எரியாமல் என்ன செய்யும்?

பஞ்சை எடுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, புஷ்ஷில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மோட்டாருக்குள் கரண்ட்டைக் கொண்டுபோகிற கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மீட்டரை மாட்டினார். முள் எங்கே நின்றது என்பதைவிட அவர் முகத்தில் வந்த திருப்திதான் எனக்குப் புரிந்தது. அதன் பிறகுதான் புது ரெசிஸ்டரும், உருகின பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புது பிளக்கும். டுப்ளிகேட் வேண்டுமா, கம்பெனி சாமானா என்று விலையோடு கேட்டார். கம்பெனியுடையதே போடச் சொன்னேன், ஹாலோகிராம் ஒட்டின கவரை என் கண்ணெதிரே பிரித்தார். கஷ்மீரி கேட்டில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாதாடுகிறவர்கள் இருப்பார்கள். கிடைக்கும். எது எங்கே செய்தது என்று கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் இருந்தால் தாராளமாகப் போங்கள்.

இனி சூடு. இதற்கு வண்டியை ராத்திரி விட்டுவிட்டுப் போகச் சொன்னார். எனக்கு மறுநாள் டெலிவரி. முகம் சுளித்தேன். இன்ஜின் முழுக்க ஆறியிருந்தால்தான் தெரியும் என்றார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் மாவைப் போட்டுவிட்டுப் போய் நின்றேன். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸில் என் கையை வைக்கச் சொன்னார். அப்போதே வெதுவெதுப்பு ஏறத் தொடங்கிவிட்டது. "பாத்தீங்களா, இது இப்ப சூடாகக் கூடாது."

விஷயம் இதுதான். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு உண்டு. இன்ஜினுக்குள் ஓடுகிற தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும் வரை அது ரேடியேட்டர் வழியை மூடி வைத்திருக்கும். அதனால்தான் இன்ஜின் சீக்கிரம் சூடாகிறது, அந்தச் சூட்டில்தான் ஹீட்டரும் பிழைக்கிறது. அந்த வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால், குளிர்காலத்தில் இன்ஜின் சூடேற ஏற ரேடியேட்டர் அதை ஆற்றிக்கொண்டே இருக்கும். என் வண்டியில் மாட்டிக்கொள்ளவே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் வால்வே இல்லை! வெறும் ஓட்டை. முந்தின கோடையில் வண்டி சூடாகிறது என்று ஒரு மெக்கானிக்கிடம் விட்டிருந்தேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பில்லில் "கூலிங் சிஸ்டம் சர்வீஸ்" என்று எழுதியிருக்கிறார். வட இந்தியாவில் இது சர்வ சாதாரணமான வைத்தியம். கோடையில் யாருக்கும் தெரியாது. இன்ஜின் சூடே ஏறாமல் ஓடினால் வண்டியின் கம்ப்யூட்டர் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறைந்ததற்கு நான் டெல்லி டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

புது தெர்மோஸ்டாட் வந்ததும் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நேராக மாட்டவில்லை. கடை மூலையில் ஒரு சின்ன அடுப்பு, அதன்மேல் நசுங்கின அலுமினியக் கிண்ணத்தில் தண்ணீர். தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அதில் தொங்கவிட்டார். தண்ணீரில் குட்டிக் குமிழ்கள் அடியில் ஒட்டின, ஆவி வந்தது, வால்வு அப்படியே இருந்தது. தண்ணீர் கொதிக்கக் கிட்டே வந்தபோது நடுவில் இருந்த பித்தளைத் தட்டு மயிரிழை நகர்ந்தது, பிறகு மெதுவாக இறங்கி நன்றாகத் திறந்துகொண்டது. வெளியே எடுத்து ஆறவிட்டதும் மூடிக்கொண்டது. "புதுசுலயும் மக்கர் வரும் அக்கா. மாட்டினதுக்கப்புறம் கழட்டறது யாரு?"

ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, தண்ணீர் வெளியே வருகிற பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரைப் பின்னோக்கி விட்டார். முதலில் காப்பிக் கஷாயம் நிறத்தில் வந்தது, பிறகு மண், பிறகு தெளிவு. போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி வந்த உப்பும் துருவும். ஒரு ஹோஸ் சுட்டு மற்றது ஜில்லென்று இருந்தால் ஹீட்டர் கோர், அதாவது வெந்நீர் ஓடிக் காற்றைச் சூடாக்குகிற பகுதி, அடைத்திருக்கலாம் என்று அர்த்தமாம். எனக்கு அவ்வளவு மோசமில்லை. இனி கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். வண்டிக்குள் இனிப்பு வாசனை வந்தாலோ, கண்ணாடி உள்பக்கம் பிசுக்குப் படிந்தாலோ, பக்கத்து சீட்டின் கால் மேட் நனைந்தாலோ கோர் கசிகிறது, உடனே வா என்றார்.

கடைசியாக ஏர்லாக். ஈக்கோவில் இன்ஜின் நம் சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் முன்னால், ஹீட்டர் டாஷ்போர்டுக்குள். தண்ணீர்க் குழாய் நீளம் அதிகம், நடுவில் காற்று சிக்கினால் ஹீட்டருக்குச் சூடான தண்ணீரே எட்டாது. வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, மூடி இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டு, குமிழி வருவது நிற்கும் வரை கூலன்ட் ஊற்றிக்கொண்டே நின்றார். இதை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் ஆறின இன்ஜினில்தான் மூடியைத் திறந்து தொடங்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் கதை ஊருக்கு ஊர் உண்டு.

மொத்தம் சாமானும் கூலியும் சேர்த்து 3,800 ரூபாய் கொடுத்தேன். முதலில் கேட்ட பதினைந்தாயிரத்தை நினைத்தால் பேரம் பேச வாய் வரவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. மாலை ஐந்து மணிக்கு வா என்றால் ஏழுக்குக்கூட வண்டி பாதி பிரிந்து கிடக்கும். ஃபோன் எடுக்க மாட்டார், கையெல்லாம் கிரீஸ் என்பார். பெண்கள் போனால் கழிப்பறைக்கு எங்கும் போக முடியாது, அதையும் யோசித்துக்கொண்டு போங்கள். கிளவ் பாக்ஸைத் திரும்ப மாட்டும்போது ஒரு கிளிப்பை உடைத்துவிட்டார். கேட்டதற்கு "அதெல்லாம் பழசுதானே அக்கா" என்று சிரித்தார். மின்சாரமும் தண்ணீரும் தெரிந்த கைக்குப் பிளாஸ்டிக் தெரியவில்லை. டாஷ்போர்டு வேலை, ஸீட் வேலை என்றால் இவரிடம் விடாதீர்கள், கரோல் பாக் நாயீவாலா தெருப் பக்கம் போங்கள்.

பயன்படுத்தும் விதம் பற்றி அவர் சொன்ன ஒன்று என் பாலப் பயணத்தை மாற்றிவிட்டது. கண்ணாடி மூடிக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? குளிருகிறது என்று வெளிக்காற்றை அடைத்து, உள்காற்றையே சுற்றவிட்டு, துணியால் துடைக்கிறோம். உள்ளே இருக்கிற ஈரம் உள்ளேயே சுற்றும். வெளிக்காற்று லீவரைத் திறந்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, சூட்டோடு ஏசியையும் சேர்த்துப் போடச் சொன்னார். ஜனவரியில் ஏசியா என்று உதவிக்கு வரும் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் ஏசிதான் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கிறது, ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்குகிறது. கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வரும். புகைமூட்டம் மோசமான நாளில் வெளிக்காற்றை உள்ளே விட மனசு வராது, உண்மைதான். பாலம் தாண்டும் வரையாவது விடுங்கள்.

இன்னொன்றையும் கேட்காமலே செய்தார், சைலன்சர் பைப் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று கீழே படுத்துப் பார்த்தார். இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிற வண்டியில் அந்தப் புகை உள்ளே வந்தால் அதிலிருக்கிற கார்பன் மோனாக்சைடு வாசனைகூடத் தெரியாமல் ஆளை முடித்துவிடும். சரக்கு இறக்க நேரமாகிறது என்று இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிற டெம்போ டிரைவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

போகிறவர்கள் தீபாவளி முடிந்த கையோடு போய்விடுங்கள், டிசம்பரில் சந்தே வண்டியாக நிற்கும். திங்கட்கிழமை கடை கிடையாது. முந்தின ராத்திரியே வண்டியை விட்டுவிட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பணமாகவோ யூபிஐயிலோ கொடுக்கலாம், கார்டு எடுக்க மாட்டார். பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் முகம் கோணாமல் கொடுக்கிறார். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். அந்த ஒன்று கிளவ் பாக்ஸுக்காகப் பிடித்தது, இப்போதும் ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் அது தானாகத் திறந்துகொண்டு பக்கத்தில் இருப்பவர் முழங்காலில் இடிக்கிறது.